குடாவைச் சுற்றி – 14: ஆற்றுக்கு அக்கரையில் தோன்றிய செம்பு

சென்ற வாரம் றொபேட் நொக்ஸை மூதூர்க் கரையில், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட நிலையில் விட்டிருந்தோம். இந்த வாரம் அவர் அங்கேயே இருக்கட்டும். 1660இல் பிடிபட்டவர் 1679 வரை இந்தத் தீவில்தான் கிடக்கப்போகிறார். ஒரு கிழமை கூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. நமக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதற்கு ஓர் இலங்கைப் படமும் ஓர் அடிமட்டமும் வேண்டும்.

படத்தை மேசையில் விரித்து, அநுராதபுரத்தில் அடிமட்டத்தின் ஒரு முனையை வைத்து, வடக்கும் சாயாமல் தெற்கும் சாயாமல் நேர் கிழக்காகக் கோடு இழுங்கள். கோடு காடுகளைத் தாண்டி, கந்தளாய்க் குளத்தை நனைத்துக்கொண்டு, மகாவலியைக் கடக்கும். கடந்த கையோடு பென்சிலை நிறுத்துங்கள். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வந்திருப்பீர்கள். நிற்கும் இடம் சேருவில. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை குடாவிலும் மற்றக் கிளை வெருகலிலும் கடலோடு சேர, இரண்டுக்கும் நடுவே விட்டுவைத்த வயல் நாடு அது.

மகாவம்சத்தின் இருபத்தெட்டாம் அத்தியாயம் துட்டகைமுனு அரசன் மகாதூபியைக் கட்டப் பொருள் சேர்த்த கதையைச் சொல்கிறது. அரசனுக்குக் குடிகளை வருத்த மனமில்லை. ஆகவே, தேவர்களின் அருளால் நாட்டின் நாலாபுறமும் பொருள்கள் தாமாகவே தோன்றுகின்றன. ஓரிடத்தில் பொன், ஓரிடத்தில் மணி, கடற்கரையில் முத்து, தெற்கே ஒரு குகையில் வெள்ளி. அந்த வெள்ளிக் குகை இதுதான் என்று குருநாகல் பக்கத்து ரிதி விகாரையை மக்கள் இன்றும் காட்டுகிறார்கள். அந்த வரிசையில் செம்பும் வருகிறது: நகருக்குக் கிழக்கே ஏழு யோசனை தூரத்தில், ஆற்றுக்கு அக்கரையில், தம்பபிட்ட என்ற ஊருக்கருகே அது தோன்றியதாம்.

ஒரு யோசனை எத்தனை மைல் என்று கேட்டால் பண்டிதர்கள் இரண்டு நாள் சண்டை பிடிப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. கிழக்கு, ஏழு யோசனை, ஆறு, அக்கரை என்று நாலு அடையாளம் கொடுத்திருக்கிறார் நூலாசிரியர். நாலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பென்சில் எங்கே நிற்கிறது என்பதை இப்போதுதான் பார்த்தோம். வேறு கதைகளில் தேவர்கள் இவ்வளவு துல்லியமாக முகவரி கொடுப்பதில்லை.

இன்னுமொன்று. சேருவில விகாரையைக் கட்டுவித்தவன் காவந்தீசன் என்பது மரபு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உறுகுணையை ஆண்டவன், துட்டகைமுனுவின் தகப்பன். உறுகுணை தெற்கே எங்கோ இருக்க, அங்கிருந்த அரசனுக்கு மகாவலியின் வடகோடியில் என்ன வேலை? புத்தரின் நெற்றி எலும்புத் தாதுவை அங்கே வைப்பதற்காக வந்தான் என்கிறது தாதுவம்சம். பக்திக் காரணம் அதுவாகவே இருக்கட்டும். தகப்பன் சேருவிலவில் தாதுகோபம் கட்டுகிறான். மகன் அநுராதபுரத்தில் லோவமகாபாயவைக் கட்டி அதன் கூரைக்குச் செப்புத் தகடு வேய்கிறான். கட்டடத்துக்குப் பெயரே அந்த உலோகத்தால் வந்தது. கூரை வேயும் அளவுக்குத் தகடு என்றால் அது நாலு வண்டிச் சரக்கல்ல.

தொல்லியலாளர் சுதர்ஷன் செனவிரத்ன 1990களில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்த இழைகளையெல்லாம் சேருவிலவில் கொண்டுவந்து முடிச்சுப் போடுகிறது. நிலவியலாளர்கள் கண்ட கனிமப் படிவு, அதைச் சுற்றியுள்ள பழைய குடியிருப்புகள், ஆற்றுவழி, குடாத் துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தவர் அவர். இங்கிருந்து கிடைத்த செம்பு தீவுக்குள் மட்டுமின்றிக் கடல் கடந்து தமிழ்க் கரைக்கும் போயிருக்கலாம் என்பது அவருடைய வாதம். தென்னகத்தில் நல்ல செப்புத் தாது அரிது என்பதை நினைத்தால் வாதத்தின் கனம் புரியும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து அலெக்சாண்டர் ரீ வெண்கலப் பொருள்களை அள்ளி எடுத்தாரே, அந்தக் கன்னார்களுக்கு உலோகம் எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும்.

ஆதிச்சநல்லூர் இருப்பது தாமிரபரணிக் கரையில். அசோகனின் கல்வெட்டு இந்தத் தீவைத் தம்பபண்ணி என்கிறது. கிரேக்கர் அதைத் தப்ரபேன் ஆக்கினார்கள். விசயனின் ஆட்கள் களைத்துப்போய்த் தரையில் கையூன்றியபோது செம்மண் பட்டுக் கை சிவந்தது, அதனால் வந்த பெயர் என்று மகாவம்சம் ஒரு விளக்கம் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர் வந்த பிறகு தேடிப்பிடித்த கதை போலவும் இருக்கிறது. கடலின் இரு கரையிலும் ஒரே உலோகத்தின் பெயர் ஏறியிருப்பதை மட்டும் இங்கே குறித்துவைப்போம். இந்தக் கட்டுரையின் கடைசியில் அந்த ஆற்றங்கரைக்கு மறுபடியும் போக நேரும்.

திருகோணமலைக்காரருக்கு வெண்கலம் புதிதில்லை. வெல்காமத்து இராஜராஜப் பெரும்பள்ளியில் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல விளக்குக் கிடைத்தது. 1950இல் நகரசபையார் கோட்டைக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது மண்வெட்டியில் சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்பாளும் தட்டுப்பட்டார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது யாரோ புதைத்துக் காப்பாற்றிய திருமேனிகள். தண்ணீருக்குத் தோண்டிச் செம்பைக் கண்ட ஊர் இது. குடாவின் மறுகரையில் செம்புக்குத் தோண்டினால் தண்ணீரைத்தான் முதலில் காணவேண்டியிருக்கும். அந்தக் கதைக்கு இப்போது வருவோம்.

*

துட்டகைமுனுவிலிருந்து ஆங்கிலேயர் வரை ஒரே தாண்டாகத் தாண்டுகிறேன். சேருவில காடாகிப்போனது. விகாரையே 1920களில்தான் காட்டுக்குள்ளிருந்து மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

இலங்கையின் கனிமங்களை முறையாகத் தேடும் வேலை 1903இல் தொடங்கியது. கனிம ஆய்வின் முதல் இயக்குநராக வந்தவர் நம்மவர்: ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிற்பத்துக்கு உலகத்தின் கண்ணைத் திறந்துவிட்ட அதே குமாரசுவாமிதான். அதற்கு முன் அவர் கல்லுடைக்கும் சுத்தியலோடு மாட்டுவண்டியில் தீவு சுற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது. தோரியனைற்று என்ற புதிய கனிமத்தை 1904இல் உலகுக்குக் காட்டியது அவர் செய்த பெரிய கண்டுபிடிப்பு. இலண்டனில் அந்தக் கனிமத்தை வைத்து ஆராய்ந்துதான் ஒட்டோ ஹான் 1905இல் கதிரியக்கத் துறையில் தன் முதல் பெயரை எடுத்தார். பின்னாளில் அணுப்பிளவைக் கண்ட அதே ஹான். குமாரசுவாமி 1906இல் கல்லை விட்டுக் கலைக்குப் போனார். சேருவிலச் செம்பு அவர் கண்ணில் படவில்லை.

அடுத்து வந்தவர்கள் கண்ணிலும் படவில்லை. இந்தியாவின் பெரிய நிலவியலாளர் டி.என். வாடியா 1938 முதல் சில ஆண்டுகள் இங்கே அரச கனிமவியலாளராக இருந்தார். பி.ஜி. குரே இலங்கையின் நிலவியலுக்கு அறிமுக நூல் எழுதி 1967இல் வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது வேதம். அதிலும் சேருவிலக்கு இடமில்லை. இரத்தினமும் காரீயமும் கடற்கரைக் கனிம மணலும் உள்ள தீவில், செம்பு, ஈயம், நாகம் போன்ற அன்றாட உலோகங்களின் தாது சொல்லும்படி இல்லை என்பதே அதுவரை பாடம்.

பாடம் மாறியது 1971இல். அவ்வருடம் ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி. போகலை, ககட்டகக காரீயச் சுரங்கங்களை அரசு தன் கைக்கு எடுத்ததும் அந்த ஆண்டில்தான். உலகின் மறுபுறத்தில், ஜூலை மாதம், அலெண்டேயின் சிலி தன் செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, புவிச்சரிதவியல் திணைக்களத்தார் சேருவிலப் பகுதியில், அரிப்பு என்ற இடத்தை ஒட்டி, செம்பும் மக்னற்றைற்றும் கலந்த தாதுப் படிவைக் கண்டார்கள்.

மக்னற்றைற்று என்பது காந்தத்தோடு ஒட்டும் கரிய இரும்புத் தாது. செம்பு இருப்பது சல்கோபைரைற்று என்ற மஞ்சள் கனிமத்தில். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. பார்த்தால் பித்தளையைப் பொடித்துத் தூவியது போல மின்னும். ஆனால் நிலத்தின் மேற்பரப்பில் அந்த மின்னல் தெரியாது. மழையும் காற்றும் பட்ட இடத்தில் கந்தகம் கரைந்துபோய், இரும்பு துருவாகிச் செம்மண் தொப்பி ஒன்று உண்டாகும். செம்பு அதில் பச்சைக் கறையாகப் படியும். தெரிந்தவனுக்கு அந்தச் சிவப்பும் பச்சையும் பெயர்ப்பலகை. செம்பு ‘தோன்றியது’ என்று பழைய நூல் சொல்வதில் அற்புதம் எவ்வளவு, மழை எவ்வளவு என்பதை வாசகர்களே பிரித்துக்கொள்ளலாம். பழங்காலத்துக் கொல்லனுக்கு வேண்டியதும் மேலே கிடந்த அந்தப் பச்சைத் தாதுதான். மரக்கரியோடு சேர்த்து ஊதினால் செம்பு கொடுத்துவிடும். கீழே உள்ள கந்தகத் தாது அவ்வளவு இலகுவில் மசியாது.

இது ஏன் இந்த இடத்தில் வந்தது? இலங்கையின் பாறைகள் மிகப் பழையவை. நிலவியலாளர்கள் அவற்றை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று பிரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதித் தைத்துக்கொண்ட தையல் தீவின் கிழக்குப் பாதியில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. சேருவில அந்தத் தையலின் அருகே இருக்கிறது. கிழக்கின் வெந்நீரூற்றுகள் பலவும் அதே தையலை ஒட்டித்தான் வரிசையாக நிற்கின்றன. கன்னியாவில் தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பார்கள். குத்து விழுந்த இடம் என்னவோ சரியான இடம்.

*

இனி, சுரங்கம்.

தாது கண்டதும் சுரங்கம் வந்துவிடும் என்று நினைப்பது, மாப்பிள்ளை கிடைத்ததும் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவது போன்றது. நடுவில் எத்தனை படி இருக்கிறது என்பதைப் பார்க்க, நம் ஆட்கள் நிறையப் பேர் போய்க் குடியேறிய நாட்டுக்கே போவோம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் போனால் ரிம்மின்ஸ் என்ற ஊர். அங்கே விமானத்திலிருந்து மின்காந்தக் கருவியால் நிலத்தை அளந்து, சந்தேகப்பட்ட இடத்தில் 1963 நவம்பரில் துளை போட்டார்கள். செம்பும் நாகமும் நிறைந்த தாது வந்தது. மூன்றே ஆண்டில், 1966இல், கிட் சுரங்கம் வேலை தொடங்கியது. முதலில் திறந்த குழி. பிறகு நிலத்துக்கடியில் இறங்கி இறங்கி இன்று ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆழத்தில் நிற்கிறது. இந்த வகை உலோகச் சுரங்கங்களில் அதைவிட ஆழமானது உலகில் இல்லை என்பார்கள். அதன் அடியில் பாறை வெடிப்புகளில் கசிந்த நீரை விஞ்ஞானிகள் சோதித்தபோது, அது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக வெளியுலகைக் காணாத நீர் என்று தெரிந்தது.

அவ்வளவு ஆழத்தில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று தமிழில் சொல்லக்கூடியவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் போய்த் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கியவர்கள் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீற்றரைத் தாண்டியது; 2001இல் மூடும்வரை கூண்டு ஏறி இறங்கியது. ஆழம் கூடக்கூடப் பாறை சுடும். மேலிருக்கும் மலையின் கனம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். காற்றை மேலிருந்து குளிரவைத்து இறக்கவேண்டும், தண்ணீரைக் கீழிருந்து இரவுபகலாக இறைக்கவேண்டும். நம் நாட்டில் இதற்குக் கிட்டவரும் அனுபவம் காரீயச் சுரங்கக்காரருக்கு மட்டும் உண்டு. ககட்டகக சுரங்கம் சுமார் 2,000 அடி ஆழம் போகிறது. ஆனால் காரீயம் வெட்டியதும் சரக்கு. செம்பு அப்படியல்ல.

செப்புத் தாது மேலே வந்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. வந்தது கல், அதில் நூறு பங்கில் ஒன்றோ இரண்டோதான் செம்பு. முதலில் தாடை போன்ற நொறுக்கியில் உடைப்பார்கள். பிறகு இரும்புக் குண்டுகள் நிரம்பிய உருளைக்குள் தண்ணீரோடு சுழற்றி, மாவாக அரைப்பார்கள். அந்தக் கூழைப் பெரிய தொட்டிகளில் விட்டுக் கொஞ்சம் மருந்து கலந்து அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். மருந்து பட்ட செப்புக் கனிமத் துணிக்கை தண்ணீரை வெறுத்துக் காற்றுக்குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். கல் அடியில் தங்கும். சோறு கொதிக்கும்போது கஞ்சி நுரை மேலே பொங்குமே, அந்த நுரையை வழித்தெடுப்பது போல வழித்தெடுப்பார்கள். நூறு ஆண்டுக்கு முன் ஒஸ்ரேலியாவின் புறோக்கன் ஹில்லில் வயதுக்கு வந்த தொழில்நுட்பம் இது. இன்றும் உலகத்துச் செம்பின் பெரும்பகுதி இந்த நுரையில்தான் பிறக்கிறது.

வழித்த நுரையைக் காயவைத்தால் செறிவு. அதில் நூற்றுக்கு 25 முதல் 30 வீதம் செம்பு இருக்கும். நூறு தொன் கல்லை வெட்டி, உடைத்து, அரைத்தால் மூன்று நாலு தொன் செறிவு. மிச்சம் தொண்ணூற்றாறு தொன் அரைத்த சேறு. அதை எங்கே கொட்டுவது? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிடித்துவையுங்கள்.

செறிவை உருக்காலையில் உருக்கி, கந்தகத்தை எரித்து ஓட்டி, 99 வீதச் செம்பாக்கி, பிறகு மின்சாரத்தால் சுத்தப்படுத்தினால் 99.99 வீதம். எரித்த கந்தகத்தைக் காற்றில் விட்டால் ஊர் அழியும். பிடித்தால் கந்தக அமிலம். ஒரு தொன் செம்புக்கு ஏறத்தாழ மூன்று தொன் அமிலம் வரும். ஆக, செப்பு உருக்காலை என்பது உண்மையில் அமில ஆலை. செம்பு அதன் உபதொழில் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

*

சேருவிலக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, நாற்பது இலட்சம் தொன் தாது, அதில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் செம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி சிந்தாமல் எடுத்தாலும் 60,000 தொன் செம்பு. கேட்கும்போது பெரிய எண்தான். தூத்துக்குடியில் இருந்த உருக்காலையின் ஆண்டுத் திறன் 400,000 தொன். அந்த ஆலை சேருவிலவை முழுதாக விழுங்க இரண்டு மாதம் போதும். இரண்டு மாத இரைக்காக யாரும் உருக்காலை கட்டமாட்டார்கள். செறிவாகவே கப்பலேற்றி விற்கலாம். துறைமுகம் 25 கிலோமீற்றர் தூரத்தில், உலகமே பொறாமைப்படும் ஆழத்தோடு கிடக்கிறது. ஆனால் குடாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதே ஒரு பிரயாணமாக இருந்த காலம் அது. கங்கைத் துறை, கிண்ணியாத் துறை என்று ஒவ்வொன்றிலும் பாதை வரும்வரை காத்துக்கிடந்து, லொறியை ஏற்றி, இறக்கிப் போனவர்களுக்கு அது தெரியும். (பிற ஊர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் தெருவல்ல, வாகனம் ஏற்றும் தெப்பம்.) கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான்.

விலையும் கைகொடுக்கவில்லை. 1974இல் உச்சிக்கு ஏறிய செப்பு விலை அடுத்த ஆண்டே குப்புற விழுந்தது. 1970களில் துளைகள் போட்டு அளந்தார்கள், அறிக்கை எழுதினார்கள், ஆய்விதழ்களில் படிவின் பிறப்பைப் பற்றி விவாதித்தார்கள். 1983 வந்தது. அதற்குப் பிறகு வெடிமருந்தோடும் துளைக்கும் இயந்திரத்தோடும் மூதூர் தெற்கில் யார் போய் நிற்பார்கள்? இருபத்தைந்து ஆண்டு அப்படியே போனது.

போரும் விலையும் பாலமும் எல்லாரும் சொல்லும் காரணங்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது தண்ணீர். 2006 ஜூலையில் கடைசிப் போர் எந்த இடத்தில் தொடங்கியது என்று நினைத்துப்பாருங்கள். சேருவிலவுக்குப் பக்கத்து மாவிலாற்றில், ஒரு மதகில். விடுதலைப் புலிகள் கதவை மூடினார்கள், சேருநுவர, ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது, அடுத்த சில நாளில் விமானங்கள் வந்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூன்று சாராரும் ஒரே வாய்க்காலின் மேலும் கீழும் இருக்கும் நாடு அது. 1950களின் அல்லை விரிவாக்கத் திட்டம் கொண்டுவந்த குடியேற்றத்தின் கணக்குகள் இன்னும் தீராத நாடு. மதகுக் கதவு ஒன்றுக்கே அப்படியென்றால், அதே வயல்களின் நடுவே பல நூறு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்துக் கொட்டும் ஒரு சுரங்கத்தை வைத்தால்?

இப்போது அந்தத் தொண்ணூற்றாறு தொன் சேறு. கந்தகக் கனிமம் கலந்த பாறைப்பொடி காற்றும் நீரும் பட்டால் தானாகவே அமிலம் கக்கும். சுரங்கம் மூடி நூறு ஆண்டு போனாலும் கக்கும். ஸ்பெயினின் ரியோ தின்தோ ஆறு, ரோமர் காலத்துக்கும் முன்பிருந்து தோண்டிய சுரங்கங்களின் கீழ், இன்றும் குங்குமம் கரைத்தது போல ஓடுகிறது. வறண்ட மலைப்பகுதியில் சேற்றை அணைகட்டி அடக்கலாம். மாரிக்கு மாரி மகாவலி பெருக்கெடுக்கும் கழிமுகத்தில், கீழே நண்டும் இறாலும் பிடிக்கும் குடா இருக்க, அணை எங்கே கட்டுவது?

தூத்துக்குடியைச் சும்மா சொல்லவில்லை. தாமிரபரணி கடலோடு சேரும் மாவட்டம் அது. அங்கே 1990களில் வந்த ஸ்டெர்லைட் ஆலைக்குத் தாமிரபரணி பெயர்ப்பொருத்தத்தைக் கொடுத்தது, தாதுவைக் கொடுக்கவில்லை. தாது வெளிநாட்டிலிருந்து செறிவாகக் கப்பலில் வந்தது. அதில் ஒரு பங்கு தஸ்மேனியாவின் மவுண்ட் லையல் என்ற நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து. 1999இல் ஸ்டெர்லைட் அதையே வாங்கியிருந்தது. மவுண்ட் லையலின் பழைய கழிவு குயின், கிங் என்ற இரண்டு ஆறுகளை உயிரற்றவை ஆக்கியதற்குப் பேர்போனது. தொழிலாளர் மூவர் இறந்ததைத் தொடர்ந்து அந்தச் சுரங்கம் 2014இல் நின்றது. ஆலை இருந்த ஊரில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிந்ததே: 2018 மே மாதம், போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள், ஆலைக்குப் பூட்டு விழுந்தது, 2024இல் உச்ச நீதிமன்றமும் திறக்க இசையவில்லை. சுரங்கம் ஒரு கண்டத்தில், ஆலை இன்னொரு கண்டத்தில். இரண்டு முனையிலும் ஆறு, இரண்டு முனையிலும் சாவு. சேருவிலவில் தோண்டியிருந்தால் செறிவு ஏறிய கப்பல் கோணேசர் மலையைச் சுற்றி, தெற்கே திரும்பி, அநேகமாக அந்தத் தூத்துக்குடிக்குத்தான் போயிருக்கும். செனவிரத்ன சொன்ன பழைய கடல்வழி, இரண்டாயிரம் ஆண்டு கழித்து.

போர் முடிந்த பிறகு குடாவின் தென்கரைக்கு ஆசைகள் பல வந்தன. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள், இப்போது அதே சம்பூரில் சூரிய மின்னுக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்திருக்கிறது. சூரியத் தகட்டுக்கும் மின்காருக்கும் கம்பிக்கும் உலகம் செம்பு தேடி அலைகிற காலம் இது. விலை ஏறும்போதெல்லாம் சேருவில என்ற பெயர் எங்காவது ஒரு கூட்டத்தில் எழும்பும் என்று எதிர்பார்க்கலாம். அப்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி தாது எவ்வளவு என்பதாக இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். இறைக்கும் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழும்? அதை முதலில் கேட்கட்டும்.

இப்போதைக்கு அரிப்புப் பக்கம் போனால் காண்பது வயல்தான். வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள் விகாரைக்கு வருகிறார்கள். தாதுகோபத்தின் அடியில் நெற்றி எலும்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் இந்த மாவட்டம் தோண்டாத மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். குடாவுக்கு வடக்கே, ஆழமும் வேண்டாம் கூண்டும் வேண்டாம் என்று, கடற்கரை மணலையே அள்ளி, தண்ணீரில் அலசி, காந்தத்தால் பிரித்துக் கப்பலேற்றிய ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1997 செப்ரெம்பரில், இல்மனைற்று ஏற்றிக்கொண்டு நின்ற கோர்டியாலிற்றி என்ற கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். அடுத்த வாரம் அந்தக் கப்பலிலிருந்து தொடங்கி, 1957 வரை பின்னோக்கிப் போவோம். புல்மோட்டை.